வாடகை வீட்டில் பொருள் காணவில்லையா? மேலாளரிடம் கணக்குக் கேட்பது எப்படி

வாடகைக்கு விட்ட வீட்டில் காணாமல் போன பொருளுக்காக, கட்டணம் வாங்கிக்கொண்டு அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேலாளரோடு மல்லுக்கு நிற்கும் வீட்டு உரிமையாளர்கள் பலர், முதல் நாளிலேயே "யார் எடுத்தது?" என்ற கேள்வியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு விடை கண்டுபிடிக்கும் வசதி உங்களிடம் இல்லை. அது காவல்துறையின் வேலை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "பொருள் உங்கள் பொறுப்பில் இருந்தது. இப்போது எங்கே? கணக்குச் சொல்லுங்கள்." இதில் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டிய கடமை மேலாளர் பக்கம் போய்விடுகிறது.

காசு வாங்கிக்கொண்டு பிறர் பொருளைத் தன் காவலில் வைத்திருப்பவர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால், தான் போதிய கவனத்தோடு நடந்துகொண்டதையாவது காட்ட வேண்டும். பல நாடுகளின் சட்டத்தில் இது அடிப்படை. நுணுக்கங்கள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் உள்ளூர் வக்கீலிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எந்த ஊரானாலும் நீங்கள் திரட்ட வேண்டிய ஆதாரம் மூன்று வகைதான்: பொருள் அங்கே இருந்தது, அது காணாமல் போன காலத்தில் சாவி யாரிடம் இருந்தது, பொருளின் இன்றைய மதிப்பு என்ன. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த மூன்றில் ஒன்றுக்காகத்தான்.

எதையும் தொடாமல் முதலில் படம் எடுங்கள்

வீட்டைப் பெருக்கித் துடைக்கச் சொல்லிவிடாதீர்கள். "நாங்களே ஒருமுறை தேடிப் பார்க்கிறோம், நீங்கள் போய்விட்டு நாளைக்கு வாருங்கள்" என்று மேலாளர் சொன்னால், உங்களோடு சேர்ந்து தேடட்டும். அவர் தனியாகத் தேடிய பிறகு நீங்கள் எடுக்கும் படத்துக்கு மதிப்புக் குறைவு.

வாசல் கதவில் தொடங்கி அறை அறையாக, நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். தொடங்கும்போது தேதியையும் நேரத்தையும் உடன் இருப்பவர்களின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அலமாரிக் கதவுகள், பரண், பால்கனி, மீட்டர் பெட்டி எல்லாவற்றையும் திறந்து காட்டுங்கள். மின் மீட்டர் காட்டும் யூனிட் எண்ணிக்கை தெளிவாகத் தெரிய வேண்டும். அது பின்னால் பயன்படும்.

அடுத்து, பொருள் இருந்த வெற்றிடத்தை நெருக்கமாகப் படம் எடுங்கள். ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ பல வருடம் நின்ற தரையில் அதன் கால்கள் பதிந்த தடம் பெரும்பாலும் இருக்கும். பின்சுவரின் நிறமும் மாறியிருக்கும். தடத்துக்குள் தூசி எப்படிப் படிந்திருக்கிறது என்று பாருங்கள். சுற்றியுள்ள தரையைப் போலவே உள்ளேயும் தூசி படிந்திருந்தால் பொருள் போய் நாளாகியிருக்கலாம். சுற்றிலும் அழுக்காக இருந்து அந்தச் சதுரம் மட்டும் பளிச்சென்று இருந்தால் சமீபத்தில்தான் நகர்த்தியிருக்க வாய்ப்பு அதிகம். அளக்கும் டேப்பைத் தடத்தின் மேல் விரித்து வைத்து ஒரு படம் எடுங்கள். தடத்தின் அகலமும் உங்கள் பில்லில் உள்ள மாடலின் அகலமும் ஒத்துப்போனால், "அங்கே மெஷினே இல்லை" என்று யாரும் எளிதில் சொல்ல முடியாது.

ஏசி போயிருந்தால் குழாய் முனையைப் பாருங்கள். ஸ்பிளிட் ஏசியை முறையாகக் கழற்றும் மெக்கானிக், கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து வால்வை மூடிவிட்டு, நட்டைத் திருகித்தான் குழாயைப் பிரிப்பார். ஒயரின் முனையில் டேப் சுற்றியிருக்கும். செம்புக் குழாயை ரம்பத்தால் அறுத்து, ஒயரைக் கட்டிங் பிளேயரால் வெட்டி விட்டிருந்தால், "சர்வீஸுக்குக் கழற்றிக் கொடுத்திருக்கிறோம்" என்ற பதில் நம்பும்படி இருக்காது.

நீங்கள் பூட்டிவைத்த அறை என்றால் பூட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. தாழ்ப்பாளின் ஸ்க்ரூ தலைகளில் புதிய கீறல் இருக்கிறதா, கீல் ஆணியைத் தட்டி எடுத்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தச் சேதமும் இல்லையென்றால் சாவி போட்டுத் திறந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதுவும் உங்களுக்கு முக்கியமான ஆதாரம்தான்.

படங்களின் மூலக் கோப்பை அப்படியே இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, எடுத்த தேதி போன்ற உள்விவரங்களும் போய்விடும். யாருக்காவது அனுப்ப வேண்டுமானால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். மூலத்தில் வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எதுவும் வேண்டாம்.

அன்றைக்கே செய்ய வேண்டிய இன்னொன்று சிசிடிவி. கட்டடத்தின் கேமராப் பதிவு குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் தங்காது, பழையதன் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். கட்டட நிர்வாகத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, லிஃப்ட் வாசல், வாகன வாயில் ஆகிய கேமராப் பதிவுகளை அழிக்காமல் வைக்கவும். பதிவை உங்களிடம் தர மறுத்தாலும் பரவாயில்லை. அழியாமல் இருந்தால், பின்னால் காவல்துறை கேட்டு வாங்கலாம். வாயில் காவலரின் வருகைப் பதிவேட்டையும் அப்போதே விசாரியுங்கள்.

காலத்தைத் துண்டுகளாகப் பிரியுங்கள்

புதிதாக வாடகைக்கு விடுபவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். "உங்களிடம் வீட்டைக் கொடுத்தேன், பொருள் இல்லை" என்று மொத்தமாகச் சொன்னால் மேலாளர் வாடகைதாரரைக் கைகாட்டுவார், வாடகைதாரர் மேலாளரைக் கைகாட்டுவார். ஒரு தாளில் கோடு போட்டு நான்கு தேதிகளைக் குறியுங்கள்: நீங்கள் மேலாளரிடம் சாவி கொடுத்த நாள், வாடகைதாரர் குடியேறிய நாள், அவர் காலி செய்த நாள், நீங்கள் வந்து பார்த்த நாள்.

முதல் இடைவெளியிலும் கடைசி இடைவெளியிலும் வீடு மேலாளரின் கையில். அப்போது உள்ளே போன சுத்தம் செய்பவர், பெயின்டர், பிளம்பர், வீடு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவர் திறந்துவிட்டதால் போனவர்கள். நடு இடைவெளியில் வீடு வாடகைதாரரின் கையில்.

பொருள் நடு இடைவெளியில் போயிருந்தாலும் மேலாளர் கைகழுவிவிட முடியாது. காலி செய்யும் நாளில் பொருள் பட்டியலை வைத்துச் சரிபார்ப்பதும், குறைந்தால் முன்பணத்திலிருந்து பிடித்துவைப்பதும் அவர் வாங்கும் கட்டணத்துக்குள் அடங்கிய வேலையாக இருக்கலாம். ஒப்பந்தம் அப்படிச் சொன்னால், சரிபார்க்காமல் முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தது அவருடைய கவனக்குறைவு. திருட்டை நிரூபிப்பதைவிட இதை நிரூபிப்பது பல மடங்கு எளிது. முன்பணம் எந்தத் தேதியில், எவ்வளவு, யார் ஒப்புதலோடு திருப்பப்பட்டது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பொருள் எந்த இடைவெளியில் போனது என்று நெருங்கிப் பார்க்கச் சில வழிகள் உண்டு. ஏசியோ வாட்டர் ஹீட்டரோ போயிருந்தால் மாதாந்தர மின் பயன்பாட்டில் ஒரு சரிவு தெரியலாம். மேலாளர் உங்களிடம் காசு வாங்கிய சர்வீஸ் பில்களைத் தேடுங்கள். "ஏசி சர்வீஸ்" என்று மார்ச் மாதம் பில் போட்டிருந்தால், மார்ச்சில் ஏசி இருந்தது என்று அவரே எழுதிக் கொடுத்தது போலத்தான். வீட்டை வாடகைக்கு விட அவர் கொடுத்த விளம்பரப் படங்களும் அப்படியே. அவர் எடுத்த படத்தில் உங்கள் சோபா இருக்கிறது என்றால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம். விளம்பரம் இன்னும் இணையத்தில் இருந்தால் இன்றைக்கே சேமித்து வையுங்கள், நாளைக்கு இல்லாமல் போகலாம்.

காலி செய்து போன வாடகைதாரரை எதிரியாக நினைக்காதீர்கள். முன்பணம் பிடித்தமாகிவிடக் கூடாதே என்ற பயத்தில் காலி செய்யும் நாளன்று வீடு முழுக்கப் படம் எடுத்து வைக்கும் வாடகைதாரர்கள் ஏராளம். "உங்கள் மேல் எந்தப் புகாரும் இல்லை, நீங்கள் சாவி கொடுத்த நாளில் எடுத்த படங்கள் இருந்தால் அனுப்ப முடியுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்தப் படத்தில் பொருள் இருந்தால் சந்தேகம் கடைசி இடைவெளிக்குச் சுருங்கிவிடும்.

திருட்டுத்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்

வாடகைதாரர் விட்டுப்போன சாமான் என்று நினைத்து உங்கள் பொருளைக் குப்பையோடு அள்ளிப் போட்டிருக்கலாம். பட்டியல் இல்லாத வீடுகளில் இது சாதாரணமாக நடக்கும். அதே மேலாளர் பார்த்துக்கொள்ளும் இன்னொரு வீட்டுக்கு உங்கள் கட்டிலோ மைக்ரோவேவோ அவசரத்துக்கு என்று போய், அங்கேயே தங்கிவிட்டிருக்கலாம். பழுது பார்க்கக் கடையில் கொடுத்து, பணம் கட்டி எடுக்காமல் கிடக்கலாம். வாடகைதாரரின் மூட்டை முடிச்சுகளோடு தவறுதலாக ஏறிப் போயிருக்கலாம். சுத்தம் செய்ய வந்த ஆள் எடுத்திருக்கலாம். மேலாளருக்கே தெரிந்து விற்றிருக்கலாம்.

முதல் நான்கில் பொருள் எங்கே போனது என்று கண்டுபிடிக்க வழியுண்டு, மூன்றில் திரும்பி வரவும் வாய்ப்புண்டு. எடுத்த எடுப்பில் திருடன் என்று சொல்லிவிட்டால், தேடிக் கொடுக்க நினைத்த ஊழியர்கூட வாயை மூடிக்கொள்வார். அதோடு ஆதாரமில்லாமல் எழுத்தில் திருட்டுப் பழி சுமத்துவது அவதூறு வழக்காக உங்கள் மேலேயே திரும்பக்கூடும். சமூக வலைத்தளத்தில் பெயர் போட்டு எழுதுவதும் அப்படியே.

ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரிகள்

ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். குறிப்பாகத் தேட வேண்டியவை: வீட்டைச் சாமான்களோடு ஒப்படைத்ததாக எழுதியிருக்கிறதா, பட்டியல் இணைக்கப்பட்டிருக்கிறதா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்வையிட வேண்டும், உங்களைக் கேட்காமல் எவ்வளவு வரை செலவு செய்யலாம், வாடகையிலிருந்து எதைக் கழித்துக்கொள்ளலாம், அவர் அனுப்பும் வேலையாட்களுக்கு யார் பொறுப்பு, நோட்டீஸ் எந்த முகவரிக்கு, எப்படி அனுப்ப வேண்டும், தகராறு வந்தால் நடுவரிடம் போக வேண்டுமா, நீதிமன்றமா.

"பொருள் இழப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி இருக்கலாம். அதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். மோசடியையும் படுமோசமான கவனக்குறைவையும் இப்படி ஒரு வரி மூடிவிட முடியாது என்பதுதான் பல நாட்டு நீதிமன்றங்களின் நிலை. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால், வாட்ஸ்அப் பேச்சு, மாதக் கட்டணம் போன வங்கிக் கணக்கு, அவர் அனுப்பிய பில்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். என்னென்ன வேலைக்குப் பொறுப்பேற்றார் என்பதை அவற்றிலிருந்தே காட்டலாம்.

பட்டியல் போடும் முறை

ஒரு பொருளுக்கு ஒரு வரி. வரிசை எண், எந்த அறை, பொருள், கம்பெனி, மாடல் எண், சீரியல் எண், வாங்கிய தேதி, விலை, கடைசியாக இருந்ததற்கான ஆதாரம், அதன் தேதி. இத்தனையும் வேண்டும். "சமையலறைச் சாமான்கள்" என்று மொத்தமாக எழுதினால் அதற்கு மதிப்புப் போட முடியாது. "எவர்சில்வர் குக்கர், 5 லிட்டர், 1" என்று எழுத வேண்டும்.

சீரியல் எண் தெரியவில்லை என்றால் வாங்கிய பில், வாரண்டி கார்டு, பெட்டியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர், கம்பெனியின் சர்வீஸ் பதிவு ஆகியவற்றில் தேடுங்கள். கம்பெனி வாடிக்கையாளர் சேவையில் உங்கள் போன் எண்ணைச் சொன்னால் பதிவான சீரியல் எண்ணைச் சொல்ல வாய்ப்புண்டு. இணையத்தில் வாங்கியது என்றால் பழைய ஆர்டர் பக்கத்தில் பில் இருக்கும். பில்லே இல்லாத பழைய மரச்சாமான்களுக்குக் குடும்பப் படங்களின் பின்னணியைத் தேடிப் பாருங்கள்.

முடிந்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பலமான ஆதாரம், ஓரளவு ஆதாரம், ஆதாரம் இல்லை என்று உங்களுக்காகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆதாரம் இல்லாததை அனுப்பும் பட்டியலில் தனியாக, "எங்கள் நினைவின்படி" என்ற தலைப்பில் வையுங்கள். கோபத்தில் இரண்டு பொருளைக் கூட்டிச் சேர்த்து, அதில் ஒன்று பரணில் கிடைத்துவிட்டால் மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மதிப்பு: புது விலையைக் கேட்காதீர்கள்

புதிதாக வாங்க ஆகும் தொகையை அப்படியே கேட்பதால்தான் பல பேச்சுவார்த்தைகள் முறிகின்றன. பயன்படுத்திய பொருளுக்குத் தேய்மானம் கழித்த மதிப்புத்தான் பொதுவாகக் கிடைக்கும். எளிய கணக்கு இது: 100 கொடுத்து வாங்கிய பொருள், 10 வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 10 தேயும். 4 வருடம் ஓடியிருந்தால் மிச்சம் 60. அதே மாடல், அதே வயதில் பழைய பொருள் சந்தையில் என்ன விலைக்கு விற்கிறது என்று மூன்று விளம்பரங்களைத் தேதியோடு சேமித்து இந்தக் கணக்கோடு சேர்த்து வையுங்கள். கணக்கும் சந்தை விலையும் நெருங்கி வந்தால் உங்கள் தொகையை அசைப்பது கடினம்.

கழற்றியதால் ஆன சேதம் தனிக் கணக்கு. அறுத்த குழாய், பெயர்த்த சுவர், வெட்டிய ஒயர் ஆகியவற்றைச் சரிசெய்ய இரண்டு பேரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அம்மாவின் தையல் மெஷின், கல்யாண ஆல்பம் போன்றவற்றுக்கு நீதிமன்றம் போடும் விலை உங்கள் மனதுக்கு ஆறுதல் தராது. அவற்றுக்குப் பணம் கேட்காமல் திருப்பித் தரும்படி மட்டும் கேளுங்கள். அப்போதுதான் யாராவது தேடுவார்கள்.

மோதலுக்கு முன் கைக்கு வர வேண்டியவை

எல்லாச் சாவிகளும் (மேலாளர் எடுத்த நகல்கள் உட்பட), வாடகை ஒப்பந்தத்தின் மூலப் பிரதி, வாடகைதாரரின் முகவரியும் போன் எண்ணும், முன்பணக் கணக்கு, கடைசி ஆறு மாத வரவு செலவு, குடியேறியபோதும் காலி செய்தபோதும் எடுத்த அறிக்கைகள். இவை மேலாளரிடம் இருக்கும்போது கடுமையான நோட்டீஸ் அனுப்பினால், ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு அலைய வேண்டிவரும். அடுத்த வாடகைக்கு முன் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று காரணம் சொல்லிக் கேளுங்கள். உண்மையும் அதுதான்.

வீடு காலியாக இருந்தால் பூட்டை மாற்றிவிடுங்கள். உள்ளே வாடகைதாரர் குடியிருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் பூட்டில் கை வைக்கக் கூடாது. அதேபோல், மேலாளரின் மாதக் கட்டணத்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். ஒப்பந்தம் அனுமதிக்காதபோது நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிச் செலுத்திவிடுங்கள்.

முதல் கடிதம்

போனில் பேசலாம், தப்பில்லை. ஆனால் பேசி முடித்த அன்றைக்கே "இன்று நாம் பேசியது இது, நீங்கள் சொன்னது இது" என்று நான்கு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். எழுத்துக் கடிதம் இந்த மாதிரி இருந்தால் போதும்:

"ஐயா, வணக்கம். தங்கள் பொறுப்பில் உள்ள எங்கள் வீட்டை இந்தத் தேதியன்று நேரில் பார்த்தேன். இணைப்பில் உள்ள பட்டியலின் பொருட்கள் வீட்டில் இல்லை. இவை இந்தத் தேதி வரை வீட்டில் இருந்ததற்கான ஆதாரங்களும் இணைக்கப்பட்டுள்ளன. இவை இப்போது எங்கே உள்ளன என்று தெரிவிக்கும்படியும், கீழ்க்கண்டவற்றின் நகல்களை 7 நாட்களுக்குள் அனுப்பும்படியும் கேட்டுக்கொள்கிறேன்: சாவிப் பதிவேடு, குடியேறும்போதும் காலி செய்யும்போதும் எடுத்த அறிக்கைகளும் படங்களும், முன்பணம் திருப்பிய விவரம், வீடு காலியான பிறகு உள்ளே சென்ற வேலையாட்களின் பெயர், தேதி, பில், வீட்டிலிருந்து எந்தப் பொருளாவது அகற்றப்பட்டிருந்தால் அதன் ரசீது. தங்கள் பராமரிப்பில் உள்ள மற்ற வீடுகளிலும் கிடங்கிலும் தேடிப் பார்க்கும்படி வேண்டுகிறேன். இது தொடர்பான பதிவுகள் எதையும் அழிக்க வேண்டாம்."

இதில் குற்றச்சாட்டு ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டிருக்கும் ஒவ்வொரு தாளும் ஒழுங்காக வேலை செய்யும் மேலாளரிடம் இருக்க வேண்டியவை. இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலே உங்கள் வழக்குக்குப் பலம்.

வரக்கூடிய பதில்கள்

"அப்படி ஒரு பொருள் வீட்டிலேயே இல்லை" என்றால், அவர் போட்ட சர்வீஸ் பில்லையும் விளம்பரப் படத்தையும் அனுப்புங்கள். விளக்கம் எதுவும் சேர்க்க வேண்டாம்.

"வாடகைதாரர் கொண்டுபோயிருப்பார்" என்பது மிகச் சாதாரணமாக வரும் பதில். அதற்கு மூன்று கேள்விகள்: காலி செய்தபோது பட்டியலைச் சரிபார்த்தீர்களா? குறைந்ததை எனக்கு ஏன் தெரிவிக்கவில்லை? முன்பணத்தை எதன் அடிப்படையில் திருப்பினீர்கள்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள்.

"பழுதாகிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டோம்" என்றால் பழுது என்று சொன்ன மெக்கானிக்கின் பில், தூக்கிப் போடும் முன் எடுத்த படம், உங்களிடம் கேட்ட செய்தி ஆகியவற்றைக் கேளுங்கள். பழைய இரும்புக்குப் போட்டிருந்தாலும் ஒரு தொகை வந்திருக்கும். அது உங்கள் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

"பூட்டிய அறையை நாங்கள் திறக்கவே இல்லை" என்றால், சேதமில்லாத பூட்டின் படத்தையும், அந்த அறைச் சாவி எத்தனை, யார் யாரிடம் இருந்தன என்ற விவரத்தையும் அருகருகே வையுங்கள். சாவியை நீங்கள் மட்டுமே வைத்திருந்தீர்கள் என்றால் இந்த வாதம் உங்களுக்கு எதிராகத் திரும்பும். அதனால் உறவினர், பழைய பராமரிப்பாளர் என யாரிடமாவது ஒரு சாவி இருந்ததா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பதிலே வராமல் போவதும் உண்டு. ஏழாம் நாள் ஒரு நினைவூட்டல் போதும், தினமும் போன் செய்ய வேண்டாம். அதோடு, இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்க்க ஒரு தேதி கொடுங்கள். இரண்டு தரப்புக்கும் சம்பந்தமில்லாத ஒருவர் உடன் வரட்டும். பார்த்ததை ஒரு பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். "ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதச் சொன்னால் மேலாளர் கையெழுத்துப் போட மாட்டார். "பார்த்தேன்" என்று மட்டும் போட்டால் போதும்.

காவல் நிலையமும் காப்பீடும்

வீட்டுச் சாமான்களுக்குக் காப்பீடு இருந்தால் உடனே தெரிவியுங்கள். தாமதித்தால் அதையே காரணம் காட்டி மறுக்கக்கூடும். பாலிசியில் இரண்டு இடங்களைப் படியுங்கள்: உடைத்து நுழைந்த திருட்டுக்கு மட்டும்தான் பாதுகாப்பா, பொருளை யாரிடம் ஒப்படைத்தீர்களோ அவரே எடுத்துவிட்டால் பணம் கிடையாது என்ற விலக்கு இருக்கிறதா. பல பாலிசிகளில் இரண்டுமே இருக்கும். மேலாளரின் நிறுவனத்துக்குத் தொழில் பொறுப்புக் காப்பீடு (வேலையில் தவறியதால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டும் காப்பீடு) இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் பேச்சு சுமுகமாக முடிய அது வழி திறக்கலாம், ஏனென்றால் பணம் முழுதும் அவர் பையிலிருந்து போக வேண்டியிருக்காது.

காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது "இந்தப் பொருட்கள் காணவில்லை, இந்தக் காலத்தில் சாவி இவர்களிடம் இருந்தது" என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். சீரியல் எண்கள் கட்டாயம் வேண்டும். பழைய பொருள் விற்கும் தளங்களில் உங்கள் பொருள் கண்ணில் பட்டால் விளம்பரத்தைப் படமெடுத்துக் காவல்துறையிடம் கொடுங்கள். வாங்குபவர் போல நடித்து நேரில் போவது ஆபத்து, போகாதீர்கள்.

இறுதி நோட்டீஸும் அதற்குப் பிறகும்

கணக்கு வராவிட்டால் முறையான நோட்டீஸ். நடந்தது தேதி வரிசையில், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு மீறப்பட்டது, பட்டியல், தேய்மானம் கழித்த தொகை, 14 நாள் கெடு. பொருளைத் திருப்பித் தருவது, அதே தரத்தில் மாற்றுப் பொருள் தருவது, பணம் தருவது என்று மூன்று வழிகளையும் கொடுங்கள். ஒப்பந்தம் சொல்லும் முகவரிக்கு, ஒப்புகை கிடைக்கும் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, அந்த ஒப்புகையைக் கோப்பில் வையுங்கள். சமரசத்துக்கு நீங்கள் இறங்கிவரத் தயாராக இருக்கும் தொகையை இந்த நோட்டீஸில் எழுதக் கூடாது. அது "உரிமைகளுக்குப் பங்கமின்றி" (சமரசத்துக்காகச் சொன்னதைப் பின்னால் எனக்கு எதிராகக் காட்டக் கூடாது என்று பொருள்) என்ற தலைப்போடு தனிக் கடிதத்தில் போக வேண்டும்.

அடுத்து எங்கே போவது என்பதைத் தொகை தீர்மானிக்கட்டும். மேலாளர்களுக்கு உரிமம் கட்டாயமான இடங்களில் உரிமம் தரும் அமைப்பிடம் புகார் செய்வது பெரும்பாலும் செலவு குறைவானது, பலனும் தரலாம். நடுத்தரத் தொகைக்குச் சமரச மையமோ சிறு வழக்கு நீதிமன்றமோ பொருந்தும். வக்கீல் கட்டணம் கேட்கும் தொகையைத் தாண்டிவிடும் என்று தெரிந்தால் பாதித் தொகைக்குச் சமரசம் செய்துகொள்வதில் குறைவு எதுவும் இல்லை. வழக்குத் தொடரக் காலவரம்பு உண்டு. பேச்சுவார்த்தை நடந்தாலும் அந்தக் கடிகாரம் பொதுவாக நிற்காது என்பதால், கடைசித் தேதியை முதல் வாரத்திலேயே விசாரித்துக் குறித்துவையுங்கள்.

சமரசம் எட்டினால் எழுத்தில் வாங்குங்கள். "இந்தப் பட்டியலில் உள்ள பொருட்களைப் பொறுத்தவரை மட்டும் முழுத் தீர்வு" என்று இருக்க வேண்டும். "எல்லாக் கோரிக்கைகளும் முடிந்தன" என்று கையெழுத்திட்டுவிட்டால், இன்னும் வராத முன்பணக் கணக்கும் அதோடு போய்விடும். தொகை, தேதி, தவணை தவறினால் என்ன என்பது தெளிவாக இருக்கட்டும். புகாரைத் திரும்பப் பெற முடியும் என்றால் பணம் கணக்கில் ஏறிய பிறகு பெறுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

மறுபடி வாடகைக்கு விடும்போது

பட்டியலில் ஒவ்வொரு பக்கத்திலும் மேலாளரும் வாடகைதாரரும் கையெழுத்திட வேண்டும், சீரியல் எண்ணோடு. பெரிய சாதனங்களின் பின்பக்கத்தில் உங்கள் வீட்டு எண்ணை அழியாத பேனாவால் எழுதுங்கள். சொந்தச் சாமான்களை வாடகை வீட்டின் ஒரு அறையில் பூட்டிவைக்கும் வழக்கத்தையே விட்டுவிடுவது நல்லது. வேறு வழியில்லை என்றால், கதவில் எண் உள்ள ஒருமுறை முத்திரை (திறந்தால் உடைந்துபோகும், மறுபடி போட முடியாதது) போட்டு, அந்த எண்ணை மேலாளருக்கு மின்னஞ்சலில் தெரிவித்து, ஒவ்வொரு பார்வையிடலின்போதும் முத்திரையின் படம் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: உரிமையாளரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் எந்தப் பொருளையும் வீட்டைவிட்டு அகற்றக் கூடாது, பட்டியலைச் சரிபார்த்து உரிமையாளருக்கு அறிக்கை அனுப்பி 3 வேலை நாட்கள் ஆன பிறகே முன்பணத்தைத் திருப்ப வேண்டும். சாவிகளுக்கு எண் போட்டுக் கொடுங்கள், எந்த எண் யாரிடம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். வேலையாட்களுக்குக் கொடுத்த சாவி திரும்பி வந்த நேரமும் அதே பதிவேட்டில் ஏற வேண்டும்.